கல் கட்ட மோட்டார்க் கம்பி வாங்கலாமா?

நான் இங்கே மதிப்பிடப் போவது ஒரு கம்பியை. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பி அது. கடையில் பாலிராப் வயர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதை உரித்து, நேராக்கி, காங்கயம் பக்கத்துச் சந்திரகாந்தக் கல்லைச் சுற்றிக் கட்டிப் பதக்கம் செய்கிறேன். கம்பி சுற்றிக் கல் நகை செய்யப் பழகுகிறவர்களுக்கு, அதுவும் கோயம்புத்தூர் மாதிரி மோட்டார் ஊரில் இருக்கிறவர்களுக்கு, இதைவிட நல்ல பழகு கம்பி நான் பார்த்ததில்லை. எங்கே இது உதவாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக்கம்பி சுற்றித் தருகிற பட்டறை, வைத்திருந்தவரின் மகள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காயில் சுற்றும்போது சுற்று எண்ணுவது என் வேலை. அப்பாவின் கேஜ் பிளேட் இப்போது என் நகை வேலைப் பெட்டியில் இருக்கிறது. வட்டமான இரும்புத் தகடு, விளிம்பைச் சுற்றிச் சிறு பிளவுகள், ஒவ்வொரு பிளவுக்கும் ஓர் எண். கம்பி எந்தப் பிளவில் இறுக்கமாக நுழைகிறதோ அந்தப் பிளவின் எண்தான் அதன் கேஜ், அதாவது தடிமன் எண். அதனால் கல்லை விடக் கம்பியைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இணையத்தில் ஒரு தொடக்கப் பெட்டி வாங்கினேன். யார் விற்றது என்று சொல்வதில் பயனில்லை, ஏறக்குறைய அதே பெட்டி பல பெயர்களில் விற்கிறது. நிறம் நிறமாகக் கம்பிச் சுருள்கள், மூன்று பிளையர், பை நிறையப் பாசி, வளையம், கொக்கி. செம்பு நிறச் சுருளின் மேல் செம்புக் கம்பி என்றே ஒட்டியிருந்தது. கையில் எடுத்ததுமே சந்தேகம் வந்தது. அலுமினியத்தைவிடச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனம். பட்டறையில் வளர்ந்த கைக்கு அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு முனையைப் பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் நிறம் பூசிச் செம்பு என்று பெயர் எழுதியிருக்கிறார்கள்.

அலுமினியம் கெட்ட கம்பி என்று சொல்ல மாட்டேன். காதில் கனக்காத பெரிய தொங்கட்டான், தலைக்கு வைக்கும் பூ, குழந்தைகளோடு சேர்ந்து செய்கிற வேலை, இதற்கெல்லாம் அது போதும். கல்லைப் பிடித்து நிறுத்துகிற வேலைக்குத்தான் ஆகாது. நகம் பட்டாலே தழும்பு விழுகிறது. கல்லின் விளிம்பில் மடித்துவிட்ட கம்பி இரண்டு நாள் கழுத்தில் ஆடினால் நெகிழ்ந்துவிடுகிறது. இந்தப் பெட்டியோடு ஆரம்பிக்கிறவர்கள் தங்களுக்குக் கை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில்தான் வருத்தம். அவர்களுடைய கையில் ஒரு குறையும் இல்லை.

செம்பின் குணமே வேறு. வளைக்க வளைக்க இறுகும். புதுக்கம்பி விரலுக்கு அடங்கி வரும், சுற்றி முடித்த இடத்தில் விறைத்து நின்றுகொள்ளும். கல் கட்டுவது முழுக்க இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. பற்றவைப்பு இல்லை, பசை இல்லை. கம்பி தன் இறுக்கத்தாலேயே கல்லைப் பிடித்திருக்கிறது. அளவுக்கு மீறி இறுகிவிட்டால் தீயில் காட்டி மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு, அப்படியே தண்ணீரில் போட்டுவிடலாம். எஃகு என்றால் அப்படிப் போட்டதும் விறைக்கும். செம்பு மெத்தென்று ஆகிவிடும். மேலே கறுப்பாகப் படிகிற செதிலுக்குப் புளியும் உப்பும் போதும், குத்துவிளக்கு துலக்குகிற அதே புளி. கல்லைக் கட்டும் முன் வெறும் கம்பியாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். கல்லோடு சேர்த்துச் சுட்டால் கல் வெடிக்கும்.

இப்போது கேஜ் விஷயம். இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்காததால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செய்முறை வீடியோக்களில் முக்கால்வாசி அமெரிக்க கேஜ் சொல்வார்கள். நம் ஊர் வைண்டிங் கடைகளில் இருப்பது பிரிட்டிஷ் கேஜ். இரண்டிலும் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், ஆனால் ஒரே எண்ணுக்கு இரண்டும் ஒரே தடிமன் இல்லை. அமெரிக்க 20 என்றால் 0.81 மி.மீ., பிரிட்டிஷ் 20 என்றால் 0.91 மி.மீ. படிக்கும்போது பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முத்தின் துளையில் நுழைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

எளிதான வழி ஒன்று உண்டு. வீடியோவில் சொல்கிற எண்ணோடு ஒன்று கூட்டிக் கடையில் கேளுங்கள். 18 என்றால் 19, 20 என்றால் 21, 24 என்றால் 25, 26 என்றால் 27. இவை நான்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 22க்கு 23 கொஞ்சம் மெலிதாக வரும், வேலைக்குக் குறையில்லை. பின்னுவதற்கு எல்லோரும் சொல்கிற 28க்கு மட்டும் இரண்டு கூட்ட வேண்டும்: அமெரிக்க 28 என்பது 0.32 மி.மீ., நம் கடையில் 30 கேஜ் கேட்டால் 0.315 கிடைக்கும். வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை.

பாலிராப் கம்பி வாங்கினால் இந்தத் தலைவலியே கிடையாது. அதை மில்லிமீட்டரிலேயே விற்கிறார்கள். 0.8 கேட்டால் அமெரிக்க 20க்குச் சமம், 1.0 கேட்டால் 18க்குக் கொஞ்சம் மெலிது, 0.6 கேட்டால் 22க்குக் கொஞ்சம் மெலிது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடையில் சொல்கிற அளவு உள்ளே இருக்கிற செம்பின் அளவு. உறையோடு சேர்த்து அளந்தால் தடிமன் அதிகமாகத்தான் காட்டும், தப்பான கம்பி கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

சாதாரண மோட்டார்க் கம்பிக்கு மேல் பூசியிருப்பது எனாமல். அரக்குச் சிவப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி மினுங்கும். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஓடுவதால் அந்தக் கம்பிக்கு எனாமல் போதாது. பாலியெஸ்டர் படலத்தையும் பாலிப்ரொப்பிலீன் நாடாவையும் செம்பின் மேல் சுற்றிச் சூட்டில் ஒட்ட வைத்திருப்பார்கள். நமக்கு அதனால்தான் லாபம். உறையை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது எந்தப் பூச்சும் இல்லாத, நன்றாகச் சுட்டு மென்மையாக்கிய வெறும் செம்பு. மோட்டாரில் மின்சாரம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதால் செம்பின் தூய்மையிலும் சமரசம் இருக்காது. கைவினைக் கடையில் இந்தத் தரத்துக்குத் தனி விலை வாங்குவார்கள்.

நான் வாங்குவது காட்டூர்ப் பக்கம் ஒரு வைண்டிங் சாமான் கடையில். சின்னக் கடை, வாசல் வரை வார்னிஷ் வாசனை. முதல் தடவை போனபோது கவுண்டரில் இருந்த பையன், “எத்தனை எச்.பி. மோட்டாருங்கக்கா?” என்றான். “மோட்டாருக்கு இல்லீங் தம்பி, கழுத்துல போடறதுக்கு” என்றேன். பதக்கத்தை எடுத்துக் காட்டியதும் உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னலை ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தார். ஒரு சுற்று மேல் இன்னொரு சுற்று ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற வைண்டர் கண் அது. அப்பாவும் காயிலை அப்படித்தான் பார்ப்பார். “சுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம வந்திருக்குது அம்மிணி” என்றார். பிறகு பையனிடம், “அக்காவுக்கு நூறு நூறு கிராமா அறுத்துக் குடு கண்ணு.” எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

எல்லாக் கடையிலும் அப்படி அறுத்துத் தர மாட்டார்கள். முழு ஸ்பூல்தான் என்று திருப்பி அனுப்பிய கடைகளும் உண்டு. காலை நேரத்தில் ரீவைண்டிங்காரர்கள் வரிசையில் நிற்கும்போது போய் நூறு கிராம் கேட்காதீர்கள். மத்தியானம் போனால் பேசவும் நேரம் இருக்கும். ஸ்பூலில் மிஞ்சிய கடைசிச் சுற்றுகளைக் கேட்டுப் பாருங்கள், அது அவர்களுக்கும் தொல்லை தீர்ந்த மாதிரி. எரிந்த மோட்டாரிலிருந்து பிடுங்கிய பழைய காயிலை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வார்னிஷ் கருகி ஒட்டியிருக்கும், அங்கங்கே கம்பி நைந்திருக்கும். அப்பா அதை எடைக்குப் போட்டுவிடுவார், அதற்குச் சரியான இடம் அதுதான்.

விலையைப் பொறுத்தவரை, செம்பு லண்டன் உலோகச் சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. 2024 மே மாதம் அங்கே ஒரு டன் 11,000 டாலரைத் தாண்டியபோது காட்டூரிலும் அது தெரிந்தது. கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல்தான் என்று மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். நூறு கிராமுக்கு 0.8 மி.மீ. கம்பி ஏறக்குறைய 22 மீட்டர் வரும், 1.0 மி.மீ. என்றால் 14 மீட்டர். உறையின் எடை போகக் கொஞ்சம் குறையும். ஒரு பதக்கத்துக்கு மொத்தமாக ஏழெட்டுக் கிராம் செம்பு போகிறது. பத்து ரூபாய்ச் செம்பு என்று தெரிந்தால் சரியாக வராததைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கக் கை கூசாது. புது உத்தி பழகும்போது இதுதான் பெரிய விஷயம். விலை கூடிய வெள்ளிக் கம்பியில் பழகுகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் பயந்துகொண்டே சுற்றுவார், அந்தப் பயம் வேலையில் தெரியும்.

உரிப்பது சுலபம். நுனியில் பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல், பிறகு பிடித்து இழுத்தால் வாழைநார் மாதிரி சுருண்டு சுருண்டு வரும். பிளேடு செம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் முறியும். உரித்த நாடாவைக் குப்பையில் போடுங்கள், எரிக்க வேண்டாம். அடுத்து நேராக்க வேண்டும். ஒரு முனையை வைஸில் கடிக்கவிட்டு மறுமுனையைப் பிளையரால் பிடித்து ஒரே சீராக இழுத்தால், கம்பி லேசாக நீள்வது கைக்கே தெரியும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பூலின் வளைவு போய் அம்பு மாதிரி நிற்கும், கூடவே இறுக்கமும் கொஞ்சம் ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து வைத்தால் வேலைக்குத் தயார்.

இனி இந்தக் கம்பி ஒவ்வொரு உத்திக்கும் எப்படி ஒத்துழைக்கிறது என்பது. துளை போட்ட கல்மணியின் இரு பக்கமும் வளையம் போட்டு, அந்த வளையத்தின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றி முடிக்கிற வேலைதான் எல்லோருக்கும் முதல் பாடம். 0.8 இதற்கு அருமை. வளையம் திறக்காது. துளை சின்னதாக இருந்தால் 0.6. முத்துக்கு இரண்டுமே தடிமன், அதற்கு 0.4 பக்கம் போக வேண்டும். காதில் மாட்டுகிற கொக்கிக்கு இந்தக் கம்பி அப்படியே உதவாது, மிகவும் மெது. கொக்கி வளைத்த பிறகு சின்னச் சுத்தியலால் இரும்புக் கட்டையில் வைத்துத் தட்டினால் இறுகும். ஆனாலும் காதுத் துளைக்குள் போகிற பாகத்துக்கு நான் 92.5 வெள்ளிதான் போடுகிறேன். செம்பு வியர்வையோடு சேர்ந்து தோலில் பச்சை படியவிடும். கழுத்தில் படிந்தால் துடைத்துக்கொள்ளலாம், காதுத் துளைக்குள் அந்தச் சோதனை வேண்டாம்.

எனக்கு உயிர் பின்னல் கட்டுதான். மேலே குவிந்து அடியில் தட்டையாக இருக்கிற முட்டை வடிவக் கல்லுக்குத் துளை இருக்காது. 30க்கு 22 மி.மீ. கல் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 8 செ.மீ. சொச்சம். 0.8 கம்பி மூன்று, ஒவ்வொன்றும் 35 செ.மீ., பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெல்லிய கம்பியால் 8 என்ற எண் வடிவத்தில் வளைத்து வளைத்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். முதல் கம்பிக்கு மேலே, இரண்டாவதற்குக் கீழே, மூன்றாவதற்கு மேலே, சுற்றித் திரும்பு. எட்டு சென்டிமீட்டர் நீள நாடா வந்ததும் அதைக் கல்லின் இடுப்பில் பொருத்தி வளைத்து, மேலோரக் கம்பியை முன்பக்கமாகவும் கீழோரக் கம்பியைப் பின்பக்கமாகவும் லேசாக உள்ளே தள்ளினால் கல் நடுவில் உட்கார்ந்துவிடும். மிஞ்சிய ஆறு முனைகளை உச்சியில் சேர்த்துக் கொக்கி வளையமாகத் திருப்பிக் கீழே சுருள் விட்டு முடிப்பது.

இந்த இடத்தில்தான் பாலிராப் கம்பி தன் தரத்தைக் காட்டுகிறது. மூன்று மணி நேரம் பின்னினாலும் அடிக்கம்பி தன் நேரை விடவில்லை. பின்னி முடித்துக் கல்லைச் சுற்றி வளைக்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் ஒரே சீராக வளைந்தது. அதே வேலையை அலுமினியத்தில் பின்னினால் பாதியிலேயே அடிக்கம்பி பாம்பாகிவிடும். கல்லைத் தள்ளி உட்கார வைக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். சந்திரகாந்தக் கல் பெல்ட்ஸ்பார் வகை, வைரத்துக்குப் பத்து கொடுக்கிற மோஸ் அளவில் கடினம் ஆறு, ஆறரைக்குள். அதைவிடப் பெரிய விஷயம், அதற்கு இரண்டு திசையில் பிளவுத் தளம் உண்டு. பிளையரால் விளிம்பில் நெருக்கினால் அந்தத் தளத்தில் விரிசல் ஓடிவிடும். விரல் நகத்தாலும் ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரத்துண்டாலும்தான் தள்ள வேண்டும். இந்தக் கம்பி மென்மையாக இருப்பதால் விரலுக்கே அடங்குகிறது. கல்லை உடைக்காமல் பழக விரும்புகிறவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கல்லைப் பற்றி இவ்வளவாவது சொல்லாமல் விட மனம் வரவில்லை. காங்கயம், கரூர்ப் பக்கத்து நிலத்தில் சந்திரகாந்தமும் கடல்நீல பெரிலும் கிடைப்பது பழைய செய்தி. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பித்தபோது, பெரில், நீலம், படிகம், சூதுபவளம் என்று மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. பாதி தீட்டியதும், துளை போடாமல் விட்டதும், உடைந்ததும் கிடைத்தன. அதாவது அங்கேயே வைத்து வேலை செய்திருக்கிறார்கள். இதே நொய்யல்தான் எங்கள் ஊர் வழியாகவும் போகிறது. அந்த மண்ணின் கல்லை ஜெய்ப்பூர்க் கல் சந்தையைச் சுற்றி வந்த பிறகு வாங்காமல், இங்கேயே விசாரித்து வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். திருப்பிப் பார்த்தால் நீலப் பால் ஒளி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர வேண்டும். அடிப்பக்கம் தட்டையாகவும் இடுப்பு விளிம்பு ஒரே உயரமாகவும் இருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் கட்டும்போது உங்களைப் படுத்தும்.

பின்னுகிற மெல்லிய கம்பியில்தான் எனக்குக் குறை. பாலிராப் கம்பி 0.3 மி.மீ.யில் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் பின்னலுக்கு 30 கேஜ் எனாமல் கம்பி வாங்குகிறேன். மெலிதான மோட்டார்க் கம்பி எல்லாக் கடையிலும் உண்டு, ஒரு மீட்டர் முக்கால் கிராம்கூட வராது, நூறு கிராம் வாங்கினால் பதக்கம் பதக்கமாகப் பின்னிக்கொண்டே இருக்கலாம். பின்ன வழுக்கிக்கொண்டு நன்றாக வரும். கறுக்காது. அரக்கு நிறமும் அழகுதான். சிக்கல் கறுப்பேற்றும்போது வருகிறது.

பின்னலின் பள்ளங்கள் கறுத்து மேடு மட்டும் மினுங்கினால்தான் வேலையின் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கந்தகம் வேண்டும். கடைகளில் லிவர் ஆஃப் சல்பர் என்று கட்டியாகவும் ஜெல்லாகவும் விற்கிறார்கள். வெந்நீரில் துளி கரைத்து முக்கினால் நொடியில் கறுக்கும், நாற்றம் தாங்காது, மொட்டை மாடியில் வைத்துச் செய்ய வேண்டும். புளி, எலுமிச்சை என்று எந்தப் புளிப்பும் அதன் பக்கத்தில் வரக் கூடாது, விஷ வாயு கிளம்பும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முட்டை வழி பாதுகாப்பானது. நன்றாக வேகவைத்த முட்டையை உடைத்துப் பதக்கத்தோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் மறுநாள் கறுத்திருக்கும். பிறகு 0000 எண் இரும்பு நாரால் மேலாகத் தேய்த்தால் மேடுகள் வெளுக்கும்.

எனாமல் கம்பிக்கு இது எதுவுமே ஏறாது. அடிக்கம்பி கறுத்துப் பின்னல் சிவந்து நிற்கும். சில பதக்கத்தில் அது எடுப்பாக இருந்தது, சிலதில் இரண்டு பேர் செய்த மாதிரி இருந்தது. எனாமலை நெருப்பில் எரித்து எடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் புகையைப் பட்டறையில் சுவாசித்தவர்கள் வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன். ஒரே சீரான கறுப்பு வேண்டும் என்றால் பின்னலுக்கு மட்டும் பூச்சில்லாத இறக்குமதிக் கம்பி வாங்கிவிடுங்கள். அமெரிக்க பாராவயரின் வெறும் செம்பு எனக்குப் பிடித்தது, சுருளின் முதல் முழத்திலிருந்து கடைசி முழம் வரை ஒரே மென்மை. விலை பல மடங்கு, ஆனால் ஒரு பதக்கத்துக்கு மூன்று மீட்டர்தான் போகிறது. அதே நிறுவனத்தின் வெள்ளி முலாம் கம்பியும் நல்ல கம்பிதான், பழகும் காலத்துக்குத் தேவையில்லை.

வெள்ளி நிறம் வேண்டும் என்று பியூஸ் கம்பியைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளீயம் பூசிய செம்பாகவும் வரும், காரீயம் கலந்த உலோகமாகவும் வரும், பார்த்துப் பிரிக்க முடியாது. உடம்பில் படுகிற நகைக்கு அது வேண்டவே வேண்டாம்.

புளியும் கந்தகமும் எல்லாக் கல்லுக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முத்து, பவளம், மாலகைட் மூன்றையும் புளிப்பு அரித்துவிடும். டர்க்காய்ஸ், ஓப்பல் நீரை உறிஞ்சும், கறை இறங்கினால் போகாது. இந்தக் கற்களுக்கு நான் கம்பியை முதலிலேயே கறுத்துத் தேய்த்துவிட்டுக் கடைசியில்தான் கல்லை வைக்கிறேன். சந்திரகாந்தம், செவ்வந்திக் கல், படிகம், கார்னெட் இவற்றோடு எனக்கு எந்தத் தொல்லையும் வந்ததில்லை.

கருவி அதிகம் வேண்டாம். உருண்டை மூக்குப் பிளையர், கூர்மூக்குப் பிளையர், பல் இல்லாததாக. பல் இருந்தால் செம்பில் தடம் பதியும். வெட்டுகிற கட்டரில் மட்டும் காசைச் சேமிக்காதீர்கள். சூரான் 170-II என்னிடம் இருக்கிறது. அறுத்த முனை தட்டையாக வருகிறது, சட்டையில் மாட்டுவதில்லை. அது 1 மி.மீ. வரை உள்ள மென்கம்பிக்குச் செய்தது, 1.2 பாலிராப்பை அதில் வைத்து வாயைக் கெடுக்க வேண்டாம், அதற்கு எலக்ட்ரீசியன் கட்டர் போதும்.

இந்தக் கம்பியால் முடியாத உத்தியும் இருக்கிறது. சதுரக் கம்பிகளை அடுக்கி, அரைவட்டக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிற பழைய பாணி ஒன்று உண்டு. எனக்கு இப்போது கற்றுக்கொள்ள ஆசை அதன் மேல்தான். மோட்டார்க் கடையில் அந்த வடிவம் இல்லை. டிரான்ஸ்பார்மருக்குக் காகிதம் சுற்றிய பட்டைக் கம்பி வருகிறது, நகைக்கு அது மிகப் பெரிது. ராஜ வீதிப் பக்கம் தங்க வேலை செய்கிற ஓர் அண்ணாவிடம் 1.0 பாலிராப்பைக் கொடுத்துச் சதுரத் துளைத் தகட்டில் இழுத்துத் தரச் சொன்னேன். இழுத்ததும் விறைத்துவிட்டது, ஒரு தடவை சுட்டு மென்மையாக்கி மறுபடி இழுத்தார். நான்கு மூலையும் கூர்மையாக வந்தது. “செம்பு நல்ல செம்பும்மா, எங்கயும் அறுந்து போகல” என்றார். ஒரு முழம்தான் இழுத்தோம். அடுத்து ஒரு மீட்டர் இழுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கூலி என்ன கேட்பார் என்பதைப் பொறுத்து மேலே போக வேண்டும்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் 0.8 நூறு கிராம், 1.0 ஐம்பது கிராம், 30 கேஜ் எனாமல் ஐம்பது கிராம் வாங்கினால் போதும். கோயம்புத்தூரில் மட்டும்தான் என்றில்லை. போர்வெல் மோட்டார் ரீவைண்டிங் நடக்கிற எந்த ஊரிலும் இந்தக் கம்பி இருக்கும். கேட்கும்போது உள் அளவைச் சொல்லிக் கேளுங்கள், ஒரு முழம் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே செம்பு பளிச்சென்று ஆரஞ்சுச் சிவப்பாக, கீறல் இல்லாமல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.